திக்குவாய்: கணக்கில் வராத இழப்பு

நேர்முகத் தேர்வுக்குச் செல்லும் எவருக்கும் முதல் கேள்வி எளிதானது: "உங்கள் பெயர் என்ன?" விடை தெரியாதவர் எவரும் இல்லை. ஆனால், திக்கிப் பேசும் ஒருவருக்கு அந்தத் தேர்விலேயே மிகக் கடினமான கேள்வி அதுவாகத்தான் இருக்கும். வேறு சொற்களில் நா இடறினால் இன்னொரு சொல்லை மாற்றிப் போட்டுத் தப்பிவிடலாம். சொந்தப் பெயருக்கு மாற்றுச் சொல் கிடையாது. அந்தச் சில விநாடி மௌனத்தை எதிரில் அமர்ந்திருப்பவர்கள் பதற்றம் என்றோ, அறியாமை என்றோ, தன்னம்பிக்கைக் குறைவு என்றோ எடுத்துக்கொள்கிறார்கள். விண்ணப்பித்தவரின் அறிவைப் பற்றி எந்தத் தகவலையும் தராத ஒரு தடங்கல், அவரது வாழ்வைத் தீர்மானிக்கும் மதிப்பெண்ணாக மாறிவிடுகிறது.

திக்குவாய் அரிதான ஒன்றல்ல. பல நாடுகளில் நடந்த ஆய்வுகள், 100 குழந்தைகளில் ஏறத்தாழ 5 பேர் வளரும் பருவத்தில் சில காலமாவது திக்கிப் பேசுவதாகக் கூறுகின்றன. அவர்களில் பெரும்பாலோருக்கு அது தானாகவே மறைந்துவிடுகிறது. பெரியவர்களில் 100 பேருக்கு ஒருவரிடம் அது நிலைத்து நிற்கிறது. அந்த விகிதத்தைக் கொண்டு கணக்கிட்டால், 140 கோடியைத் தாண்டிவிட்ட இந்தியாவில் சுமார் 1.4 கோடிப் பேர் திக்கிப் பேசுபவர்கள். 2011 கணக்கெடுப்பின்படி 7.21 கோடி மக்கள் வாழும் தமிழகத்தில் அந்த எண்ணிக்கை 7 லட்சத்தைத் தாண்டும். ஒரு மாநகராட்சியையே நிரப்பக்கூடிய எண்ணிக்கை இது.

இவர்களை நாம் எண்ணிப் பார்த்ததில்லை. 2011 கணக்கெடுப்பு, பேச்சுக் குறைபாடு உடையவர்களாக நாடு முழுவதும் சுமார் 20 லட்சம் பேரைப் பதிவு செய்தது. திக்கிப் பேசுவோரில் பெரும்பாலோர் அந்தக் கணக்குக்குள் வரமாட்டார்கள். ஏனெனில், 2001 கணக்கெடுப்புக்கு வகுக்கப்பட்ட விளக்கமே, ஒருவர் திக்கினாலும் அவர் பேசுவது புரியும்படி இருந்தால் அவரைப் பேச்சுக் குறைபாடு உடையவராகக் குறிக்க வேண்டாம் என்று வெளிப்படையாகக் கூறியது. நிர்வாக நோக்கில் அதற்கு ஒரு நியாயம் இருக்கலாம். ஆனால், எண்ணப்படாதவர்களுக்குத் திட்டமும் இல்லை, நிதி ஒதுக்கீடும் இல்லை என்பது பொது நிதியியல் பயின்ற எவரும் அறிந்த பாடம்.

திக்குவாயைக் கேட்டவர்கள் பலர், புரிந்துகொண்டவர்கள் சிலரே. சொல்லின் முதல் ஒலி திரும்பத் திரும்ப வருவது ஒரு வகை. ஒலி நீண்டு இழுபடுவது இன்னொரு வகை. வாய் திறந்திருந்தும் ஒலியே எழாமல் அடைத்துக்கொள்வது மூன்றாவது வகை. இவற்றுடன் கண் சிமிட்டுதல், தலையை அசைத்தல், முகத்தசை இறுகுதல் ஆகியவையும் சேர்ந்துகொள்ளும். இவையெல்லாம் வெளியே தெரிபவை. வெளியே தெரியாதது இதைவிடப் பெரிது. உணவகத்தில் தோசை சாப்பிட விரும்பி அமர்ந்தவர், அந்தச் சொல் வராது என்று தோன்றியதால் இட்லி கேட்டு உண்டுவிட்டு எழுகிறார். பேருந்தில் இறங்க வேண்டிய ஊரின் பெயரைச் சொல்ல முடியாமல் அடுத்த ஊருக்குச் சீட்டு வாங்குகிறார். இவ்வாறு சொற்களைத் தவிர்ப்பதில் தேர்ந்துவிட்ட பலரை, திக்கிப் பேசுபவர் என்று அவர்களின் நண்பர்களே அறிந்திருக்கமாட்டார்கள்.

பேச்சின் ஓட்டத்தைப் பாதிக்கும் வேறு நிலைகளும் உண்டு. சொற்களை விழுங்கி, ஒன்றன்மேல் ஒன்றாக ஏற்றி, கேட்பவருக்கு விளங்காத வேகத்தில் பேசுவது ஒன்று. அவ்வாறு பேசுபவர்கள் பெரும்பாலும் தங்கள் சிக்கலை உணர்வதே இல்லை. பக்கவாதத்துக்கோ தலைக்காயத்துக்கோ பிறகு முதிய வயதில் திடீரெனத் தோன்றும் திக்கல் மற்றொன்று. இவற்றுக்கான சிகிச்சை வேறு. 2 முதல் 5 வயதுக்குள் தொடங்கும் திக்குவாயே எண்ணிக்கையில் மிகப் பெரியது என்பதால் இக்கட்டுரை அதையே பேசுகிறது.

இந்தக் குறையின் வரலாறு, தவறான காரணங்களைத் தேடி அலைந்த வரலாறு. கிரேக்க நாவலர் டெமாஸ்தனிஸ் வாயில் கூழாங்கற்களை அடக்கிப் பேசிப் பழகினார் என்ற கதை ஈராயிரம் ஆண்டுகளைக் கடந்து இன்றும் அறிவுரையாக வழங்கப்படுகிறது. 1841-இல் பெர்லினின் புகழ்பெற்ற அறுவை மருத்துவர் டிஃபென்பாக், நாவின் அடிப்பகுதியை வெட்டினால் திக்கல் நீங்கும் என்று நம்பிப் பலருக்கு அறுவை செய்தார். வலியும் குருதியும் மிஞ்சின. நம் ஊரில் நாவில் வசம்பு தேய்ப்பதும், கோயிலுக்கு நேர்ந்துகொள்வதும் தொடர்கின்றன. இந்த முயற்சிகளுக்குப் பொதுவான நம்பிக்கை ஒன்றுதான்: பழுது நாவில் இருக்கிறது.

நாவில் பழுது இல்லை என்பதற்கு எவரும் காணக்கூடிய சான்று உண்டு. திக்கிப் பேசும் பெரும்பாலோர் பாடும்போது திக்குவதில்லை. பலருடன் சேர்ந்து ஒரே குரலில் வாசிக்கும்போதும், யாருமற்ற அறையில் தனக்குத்தானே பேசும்போதும் பெரும்பாலும் தடையின்றிப் பேசுகிறார்கள். அதே நா, அதே உதடு, அதே மூச்சுதான். பேச்சைத் திட்டமிட்டு உரிய கணத்தில் தசைகளுக்கு ஆணையிடும் மூளை இணைப்புகளில், குறிப்பாக இடப்பக்க மூளையில், நுண்ணிய வேறுபாடுகள் இருப்பதை மூளைப் படப்பிடிப்பு ஆய்வுகள் காட்டியுள்ளன.

மரபணுவின் பங்கும் தெளிவாகி வருகிறது. பாகிஸ்தானில் திக்குவாய் பல தலைமுறைகளாகத் தொடர்ந்த குடும்பங்களை ஆராய்ந்த அமெரிக்க தேசிய சுகாதார நிறுவன ஆய்வாளர்கள், அதனுடன் தொடர்புடைய 3 மரபணுக்களின் மாற்றங்களை 2010-இல் வெளியிட்டனர். 2025-இல் வெளியான ஆய்வு 10 லட்சத்துக்கும் மேற்பட்டோரின் மரபணுத் தகவல்களை அலசி, திக்குவாயுடன் தொடர்புடைய 57 மரபணுப் பகுதிகளை அடையாளம் கண்டது. பெற்றோரின் கண்டிப்போ, அச்சமோ, யாரையோ பார்த்துப் பழகியதோ திக்குவாயை உருவாக்குவதில்லை. 'உன்னால்தான் பிள்ளை இப்படி ஆனான்' என்று எந்தத் தாயையும் குற்றம் சாட்டுவதற்கு இடமில்லை.

அப்படியானால் சுற்றியிருப்பவர்களின் நடத்தைக்குப் பங்கே இல்லையா? இதற்கு ஒரு வேதனையான வரலாறு விடை தருகிறது. அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்தில் வெண்டல் ஜான்சன் என்ற பேராசிரியர் இருந்தார். அவரே திக்கிப் பேசியவர். குழந்தையின் இயல்பான தடுமாற்றத்தைத் திக்குவாய் என்று பெற்றோர் பெயரிடுவதே அக்குறையை உண்டாக்குகிறது என்பது அவரது கருத்து. 1939-இல் அவரது வழிகாட்டுதலில் ஒரு மாணவி, டேவன்போர்ட் நகரிலிருந்த அநாதை இல்லத்தில் 22 குழந்தைகளிடம் சோதனை நடத்தினார். இயல்பாகப் பேசிய சில குழந்தைகளிடமும் 'உனக்குத் திக்குவாய் தொடங்கிவிட்டது. சரியாகப் பேச முடியாவிட்டால் பேசாதே' என்ற வகையில் மாதக்கணக்கில் அறிவுறுத்தப்பட்டது.

அக்குழந்தைகள் திக்குவாயர்களாக மாறிவிடவில்லை. ஆனால், பேசுவதைக் குறைத்துக்கொண்டார்கள்; கூச்சத்தில் ஒடுங்கினார்கள்; சிலருடைய படிப்பு சரிந்தது. 2001-இல் ஒரு நாளிதழ் இதை வெளிக்கொணர்ந்தபோது பல்கலைக்கழகம் மன்னிப்புக் கோரியது. 2007-இல் அயோவா மாநிலம் பாதிக்கப்பட்டவர்களுக்கு 9.25 லட்சம் டாலர் இழப்பீடு வழங்க உடன்பட்டது. அந்தக் கொடிய சோதனை, ஆய்வாளர் எதிர்பாராத ஓர் உண்மையை உணர்த்துகிறது. திக்கலைச் சமூகம் உண்டாக்குவதில்லை. திக்கலுக்கு ஒருவர் கொடுக்க வேண்டிய விலையைச் சமூகமே தீர்மானிக்கிறது.

அந்த விலை எவ்வளவு என்பதைப் பொருளாதாரத்தால் ஓரளவு அளக்க முடியும். அமெரிக்காவில் இளமைப் பருவத்திலிருந்து தொடர்ந்து கண்காணிக்கப்பட்ட ஒரு பெரும் மாதிரியைக் கொண்டு 2018-இல் வெளியான ஆய்வு, திக்கிப் பேசுவோரின் ஆண்டு வருமானம் மற்றவர்களைவிட 7,000 டாலருக்கு மேல் குறைவாக இருப்பதைக் காட்டியது. தகுதிக்குக் குறைந்த வேலையில் தேங்கிவிடும் நிலை பெண்களிடம் கூடுதலாகக் காணப்பட்டது. நம் நாட்டிலும் இத்தகைய ஆய்வுகள் பெரிய அளவில் நடத்தப்பட வேண்டும்.

இந்த இடைவெளி ஏன் தோன்றுகிறது? வேலைக்கு ஆள் எடுப்பவருக்கு விண்ணப்பதாரரின் உண்மைத் திறன் தெரியாது; எனவே, வெளியே தெரியும் அடையாளங்களைக் கொண்டு ஊகிக்கிறார் என்று 1973-இல் மைக்கேல் ஸ்பென்ஸ் விளக்கினார். பட்டம் அப்படிப்பட்ட ஓர் அடையாளம். சரளமான பேச்சும் அவ்வாறே. பெரும்பாலோர் விஷயத்தில் தெளிவாகப் பேசுபவர் தெளிவாகச் சிந்திப்பவராகவும் இருக்கலாம். ஆனால், பேச்சின் தடை மூளையின் இயக்க இணைப்பிலிருந்து வருகிறவரிடம் அந்த அடையாளம் முற்றிலும் பொய்யான செய்தியைத் தருகிறது. தவறான அளவுகோலைப் பயன்படுத்தும் நிறுவனம் திறமையான ஓர் ஊழியரை இழக்கிறது. அதை இழந்தோம் என்றே அறியாமல் இழக்கிறது.

இதைவிடப் பெரிய இழப்பு வேலைக்கு விண்ணப்பிக்கும் முன்பே நேர்ந்துவிடுகிறது. பெயரைப் பதிவேட்டில் அழைக்கும்போது 'உள்ளேன் ஐயா' என்று சொல்ல இயலாமல், வகுப்பில் இருந்தும் வராதவராகக் குறிக்கப்படும் மாணவர்களைக் கல்லூரி ஆசிரியர்கள் பலரும் பார்த்திருப்பார்கள். நானும் பார்த்திருக்கிறேன். அவர்கள் விடைத்தாளில் எழுதுவதற்கும் வகுப்பில் காட்டும் மௌனத்துக்கும் பொருத்தமே இருக்காது. சட்டம் படிக்க விரும்பியவர் கணக்குப் பதிவியல் படிக்கிறார்; ஆசிரியராக விரும்பியவர் கிடங்குப் பொறுப்பாளராகிறார். அவர்கள் தேர்ந்த தொழில்கள் தாழ்ந்தவை அல்ல. ஆனால், அந்தத் தேர்வு அவர்களுடையதாக இல்லை. இந்த இழப்பு எந்த ஊதியப் புள்ளிவிவரத்திலும் தென்படாது.

தடையை மீறி உயர்ந்தவர்களை நாம் சான்று காட்டுவதுண்டு. 1957-இல் கேரளத்தின் முதல் முதலமைச்சரான இ.எம்.எஸ். நம்பூதிரிபாட் திக்கிப் பேசியவர். 'எப்போதும் திக்குவீர்களா?' என்று கேட்டவரிடம் 'இல்லை, பேசும்போது மட்டும்' என்று அவர் சொன்னதாக ஒரு செய்தி வழங்கி வருகிறது. பிரிட்டன் மன்னர் ஆறாம் ஜார்ஜும், அமெரிக்காவின் முன்னாள் அதிபர் ஜோ பைடனும் இந்தப் பட்டியலில் உண்டு. இவர்கள் நம்பிக்கை தருகிறார்கள். எனினும், விதிவிலக்குகளைக் கொண்டு கொள்கை வகுக்க முடியாது. லயனல் லோக் என்ற பயிற்சியாளர் 1926 முதல் பல ஆண்டுகள் ஆறாம் ஜார்ஜின் அருகில் இருந்தார். அரசு நடுநிலைப் பள்ளியில் படிக்கும் சிறுவனுக்கு அப்படி யார் இருக்கிறார்கள்?

சிகிச்சையைப் பொருத்தவரை அறிவியல் சொல்வது தெளிவானது: காலம் முக்கியம். திக்கத் தொடங்கும் குழந்தைகளில் ஏறத்தாழ நான்கில் மூவர் தாமாகவே மீண்டுவிடுகிறார்கள். இந்த நல்ல செய்தியே பல வீடுகளில் கேடாகவும் முடிகிறது. 'வளர வளரச் சரியாகிவிடும்' என்று காத்திருந்து, மீளாத நான்காவது குழந்தையின் பொன்னான காலத்தைத் தொலைத்துவிடுகிறோம். ஆண் குழந்தை, குடும்பத்தில் நிலைத்த திக்குவாய் உடையவர் இருத்தல், திக்கல் 6 மாதம் முதல் ஓராண்டு வரை நீடித்தல் ஆகியவை கூடுதல் கவனம் கோரும் அறிகுறிகள்.

ஆஸ்திரேலியாவில் உருவான 'லிட்கம்' முறை, பெற்றோரையே பயிற்சியாளராக்குகிறது. வல்லுநரின் வழிகாட்டுதலில் தாயோ தந்தையோ நாள்தோறும் சிறிது நேரம் குழந்தையுடன் பேசி, தடையின்றி வந்த பேச்சை இயல்பாகப் பாராட்டுகிறார்கள். நியூசிலாந்தில் 54 குழந்தைகளிடம் நடத்தப்பட்டு 2005-இல் வெளியான ஒப்பீட்டுச் சோதனை, தானாக மீள்வதைவிட இம்முறை கூடுதல் பயன் தருவதை நிறுவியது. நெதர்லாந்தில் 199 குழந்தைகளிடம் இம்முறையையும், குழந்தையின் சூழலிலுள்ள நெருக்கடிகளைத் தணிக்கும் மற்றொரு முறையையும் ஒப்பிட்டபோது இரண்டும் ஏறத்தாழ ஒரே பலனைத் தந்தன. எந்த முறை என்பதைவிட, பள்ளிப் பருவத்துக்கு முன்பே தொடங்குவது இன்றியமையாதது என்றே இவற்றை நான் வாசிக்கிறேன்.

பெரியவர்களுக்கும் உதவி உண்டு. ஒலியை மென்மையாகத் தொடங்குதல், வேகத்தைக் கட்டுப்படுத்துதல், இறுக்கமின்றித் திக்கப் பழகுதல், பேச்சு அச்சத்துக்கு உளவியல் சிகிச்சை, தன்னுதவிக் குழுக்கள் ஆகியவை வாழ்வின் தரத்தை உயர்த்துகின்றன. முழுமையாகத் திக்கலை நீக்குவதாக உறுதி கூற முடியாது. திக்குவாய்க்கென்று அமெரிக்க உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு ஒப்புதல் அளித்த மருந்து ஒன்றுகூட இல்லை. இந்நிலையில், சில நாள்களில் நிரந்தரக் குணம் என்று விளம்பரம் செய்து பெருந்தொகை வாங்குவோர் பெருகியுள்ளனர். பயிற்சி அறையில் சில நாள் சரளம் வருவதும், வெளியுலகில் அது கலைவதும் இக்குறையின் இயல்பு. பொருளின் தரத்தை விற்பவர் அறிந்து, வாங்குபவர் அறியாத சந்தையில் போலிகளே மிஞ்சும் என்று ஜார்ஜ் அகெர்லோஃப் 1970-இல் எழுதியதற்கு இதைவிடப் பொருத்தமான எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது. விற்கப்படுவது ஓர் ஏழைத் தந்தையின் நம்பிக்கை என்பதால் அரசின் கண்காணிப்பு இங்கே தேவைப்படுகிறது.

சட்டத்தின் நிலை என்ன? மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016, 21 வகைக் குறைபாடுகளைப் பட்டியலிடுகிறது. அவற்றுள் பேச்சு, மொழிக் குறைபாடும் ஒன்று. ஆனால், குரல்வளை நீக்கம், மூளைப் பாதிப்பால் மொழி இழத்தல் போன்றவற்றால் உண்டாகும் நிரந்தரக் குறைபாடு என்றே அது விளக்கப்பட்டுள்ளது. திக்குவாய் பெயர் சுட்டிக் குறிப்பிடப்படவில்லை. அரசுப் பணிகளில் 4 விழுக்காடு இடஒதுக்கீட்டைப் பெறும் பிரிவுகளிலும் பேச்சுக் குறைபாடு தனித்து இடம்பெறவில்லை. எனவே, திக்கிப் பேசுபவர் ஆரோக்கியமானவர்களின் வரிசையில் நிறுத்தப்பட்டு, பேச்சில் தோற்றவராக வெளியேற்றப்படுகிறார்.

உச்சநீதிமன்றம் ஒரு வழியைத் திறந்துவைத்திருக்கிறது. எழுத்தர் உதவி கோரிய குடிமைப் பணித் தேர்வர் ஒருவரின் வழக்கில், 40 விழுக்காடு என்ற வரம்பை எட்டாதவருக்கும் நியாயமான வசதிகள் மறுக்கப்படக் கூடாது என்று 2021 பிப்ரவரியில் தீர்ப்பளித்தது. பேச்சு, மொழிக் குறைபாடு உடைய மாணவர் ஒருவரின் மருத்துவக் கல்லூரிச் சேர்க்கை வழக்கில், விழுக்காட்டை மட்டும் வைத்து ஒருவரைத் தகுதியற்றவர் ஆக்காமல் அவரால் படிப்பைத் தொடர முடியுமா என்பதையே மதிப்பிட வேண்டும் என்று 2024 அக்டோபரில் கூறியது. இரண்டு தீர்ப்புகளின் உட்பொருளும் திக்கிப் பேசுவோருக்குப் பொருந்தும். இடஒதுக்கீடு குறித்த விவாதம் நீண்டது. அவர்களுக்கு உடனடியாகத் தேவைப்படுவது கூடுதலாகச் சில நிமிடங்கள்.

மத்தியத் தேர்வாணையத்தின் குடிமைப் பணித் தேர்வில் மொத்தம் 2,025 மதிப்பெண்களில் 275 மதிப்பெண் ஆளுமைத் தேர்வுக்கு உரியது. பேச்சுக் குறைபாட்டை முன்கூட்டியே தெரிவிப்பவருக்குக் கூடுதல் நேரமும், விரும்பினால் எழுதிக் காட்டும் வாய்ப்பும் தருவதற்குப் பெரும் செலவில்லை. மதிப்பிடுவோருக்கு ஒரு பக்க அறிவுறுத்தல் போதும். முனைவர் பட்ட வாய்மொழித் தேர்வு முதல் பள்ளியின் செய்முறைத் தேர்வு வரை இதே நெறியைப் பின்பற்றலாம். மத்திய அரசு 2016 ஜனவரி முதல் 'சி' பிரிவுப் பணிகளுக்கும் அரசிதழ்ப் பதிவு பெறாத 'பி' பிரிவுப் பணிகளுக்கும் நேர்முகத் தேர்வையே கைவிட்டது. ஊழலைத் தடுக்க எடுத்த அந்த முடிவு, திக்கிப் பேசும் பல இளைஞர்களுக்கும் கதவைத் திறந்தது என்பதை நாம் கவனிக்கவில்லை.

இதற்கிடையில் தனியார் துறையில் புதிய கதவொன்று மூடப்படுகிறது. விண்ணப்பதாரரின் குரலைப் பதிவு செய்து கணினியே முதற்கட்டத் தேர்வு நடத்தும் வழக்கம் பரவி வருகிறது. பேச்சை அறியும் மென்பொருள்கள் திக்கிய பேச்சில் கூடுதலாகப் பிழை செய்பவை. இடைப்பட்ட மௌனத்தைப் பேச்சின் முடிவு என்று கருதித் துண்டித்துவிடவும் கூடியவை. மனிதத் தேர்வாளரிடம் இரக்கத்தையாவது எதிர்பார்க்கலாம். குரல்வழித் தேர்வு நடத்தும் நிறுவனங்கள் மாற்று வழியையும் அளிக்க வேண்டும் என்று விதி வகுக்க இதுவே தருணம்.

குழந்தைகளுக்கான ஏற்பாட்டை ஏற்கெனவே இருக்கும் கட்டமைப்பிலேயே செய்ய முடியும். 2013-இல் தொடங்கிய தேசிய சிறார் நலத் திட்டத்தின்கீழ் மருத்துவக் குழுக்கள் அங்கன்வாடிகளுக்கும் அரசுப் பள்ளிகளுக்கும் செல்கின்றன; மாவட்டங்களில் தொடக்கநிலை இடையீட்டு மையங்களுக்கும் வழி செய்யப்பட்டுள்ளது. குழந்தை 6 மாதத்துக்கு மேலாகத் திக்குகிறதா என்ற ஒரு கேள்வியைப் பரிசோதனைப் படிவத்தில் சேர்த்து, அங்கன்வாடிப் பணியாளருக்கு அரைநாள் பயிற்சி அளித்தால் போதும். பயிற்சி பெற்ற வல்லுநர்கள் பெருநகரங்களிலேயே குவிந்திருக்கும் நிலையில், மைசூரில் 1965-இல் நிறுவப்பட்ட அகில இந்திய பேச்சு, கேட்பியல் நிறுவனம் போன்றவற்றின் துணையுடன் காணொலி வழியாகப் பெற்றோருக்கு வழிகாட்டலாம். பெற்றோரே செய்யும் பயிற்சி முறைக்கு இது நன்கு பொருந்தும். 4 வயதில் செலவிடும் சில ஆயிரம் ரூபாய், ஒருவரின் 40 ஆண்டு உழைப்புக் காலம் முழுவதும் பலன் தரும். மனிதவள முதலீட்டில் இதைவிட மலிவான இனங்கள் மிகச் சிலவே.

ஆசிரியர் பயிற்சிப் பாடத்திட்டத்தில் திக்குவாய் பற்றி ஒரு பாடமேனும் இடம்பெற வேண்டும். வரிசையாக எழுந்து உரக்க வாசிக்கச் சொல்லும் வகுப்பில், தன் முறை வருவதற்குள் அந்தச் சிறுவன் படும் பாட்டை ஆசிரியர் அறிந்திருந்தால், அவனை இன்னொருவனுடன் சேர்ந்து வாசிக்கச் சொல்வார். சேர்ந்து வாசித்தால் அவன் திக்கமாட்டான். கேலி செய்பவனைக் கண்டிப்பது ஆசிரியர் கடமை. திக்கிப் பேசும் பாத்திரத்தை நகைச்சுவைக்கென்றே படைத்து வந்த நம் திரைப்படங்களுக்கும் இந்தப் பொறுப்பு உண்டு.

2027 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு நெருங்குகிறது. புரியும்படி திக்குபவர்களை விலக்கிய பழைய விளக்கத்தை மறுபரிசீலனை செய்யவோ, குறைந்தபட்சம் மாதிரி ஆய்வு ஒன்றின் வழியாக அவர்களை எண்ணவோ மத்திய அரசு முன்வர வேண்டும். ஆண்டுதோறும் அக்டோபர் 22 உலகத் திக்குவாய் விழிப்புணர்வு நாளாகக் கடைப்பிடிக்கப்படுகிறது. அந்நாளில் உறுதிமொழி ஏற்பதைவிட, தேர்வாணையங்களும் பல்கலைக்கழகங்களும் கூடுதல் நேரத்துக்கான ஆணையை வெளியிடுவது பயனுள்ளது.

அரசாணைக்குக் காத்திராமல் நாம் செய்யக்கூடியதும் உண்டு. திக்கிப் பேசுபவரிடம் 'மெதுவாகச் சொல்', 'மூச்சை இழுத்துவிட்டுப் பேசு' என்று அறிவுரை கூற வேண்டாம். அவர் தொடங்கிய வாக்கியத்தை நாம் முடித்துவைக்கவும் வேண்டாம். அவர் முகத்தைப் பார்த்தபடி, அவர் சொல்லி முடிக்கும் வரை காத்திருந்தால் போதும். தமிழில் சொல்வன்மையைப் போற்றிய நூல்கள் கேள்விக்கும் உரிய இடம் அளித்தே வந்துள்ளன. கேட்பதும் கற்க வேண்டிய ஒரு திறன்தான்.

கட்டுரையாளர்: பொருளாதாரப் பேராசிரியர் (ஓய்வு).